நகர மறுக்கும் சூடு

ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் கொதித்து இறங்கிய இரண்டு சட்டிகள். ஒன்றில் ரசம், மற்றதில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். இரண்டிலும் ஒவ்வோர் அகப்பை அள்ளி, ஒரே அளவுக் கோப்பைகளில் ஊற்றி மேசையில் வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்தால் ரசத்தை மடமடவென்று குடிக்கலாம். கூழின் மேல் மெல்லிய ஆடை படிந்திருக்கும்; உதட்டில் பட்டால் இளஞ்சூடுதான். அதை நம்பி இரண்டாவது வாயை ஆழமாக உறிஞ்சியவரின் நாக்கு மறுநாள் வரை சொரசொரக்கும். 'ஓரத்தால குடி, பிள்ளை' என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

கூழில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். ரசத்தில் இருப்பதும் தண்ணீர். நடுவே ஒரு பிடி ஒடியல் மா வந்ததும் அதே தண்ணீர் சூட்டை ஏன் இப்படி இறுகப் பிடித்துக்கொள்கிறது?

டொரொண்டோவில் தை மாதத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வெளியே மைனஸ் 15 பாகை. கடைக்குப் போக மனம் வராது. கூழுக்கு வேண்டிய நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை, கறிவேப்பிலை என்று கைபேசியில் தட்டிவிட்டால் சாமான் கதவடிக்கு வந்துவிடும். வெள்ளித்தாள் உள்பூச்சுள்ள தடித்த பையோடு வந்து, மணி அடித்து, கையில் தந்துவிட்டுப் போனால் எல்லாம் நலம். வெறும் கடதாசிப் பையில் வாசலில் வைத்துவிட்டுப் போய், நாம் அதை அரைமணி நேரம் கவனிக்காமல் விட்டால், கறிவேப்பிலை கண்ணாடியாக விறைத்து, உள்ளே கொண்டுவந்ததும் கறுத்துத் துவண்டுவிடும். அதே பைக்குள் இருந்த உருளைக்கிழங்குக்கு ஒன்றும் ஆகியிராது. கோப்பைக்குள் நடப்பதையும் பைக்குள் நடப்பதையும் விளக்குவது ஒரே விதிதான். இரண்டையும் ஆராய்ந்தவரும் ஒரே மனிதர்.

அவர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1753-இல் பிறந்தவர். விடுதலைப் போரில் பிரித்தானியர் பக்கம் நின்றதால் ஊரை விட்டுப் போக நேர்ந்து, கடைசியில் ஜெர்மனியின் பவேரிய ஆட்சியாளரிடம் சேவைக்குச் சேர்ந்தார். அங்கே கிடைத்த பட்டத்தால் 'ரம்ஃபோர்ட் பிரபு' என்றே வரலாறு அவரை அழைக்கிறது. 1790 புத்தாண்டு நாளில் மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களைத் திரட்டி, வேலையும் உணவும் கொடுக்கும் இல்லத்தில் சேர்த்தார். இத்தனை பேருக்கு மலிவாக எதைப் போடுவது? பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் வினாகிரி சேர்த்து நெடுநேரம் காய்ச்சிய தடித்த சூப். ஐரோப்பா முழுக்க அது 'ரம்ஃபோர்ட் சூப்' என்று பெயர் வாங்கியது. நெடுநேரம் காய்ச்சினால் தண்ணீரே ஊட்டம் தரும் பொருளாகிவிடுகிறது என்றுகூட அவர் நம்பினார். அது பிழை. ஆனால் சூப்பையும் சூட்டையும் பற்றி அவர் கண்ட இன்னொன்று பிழையில்லை.

ஒருநாள் பரிசோதனையில் மூழ்கியிருந்தவருக்கு மதியச் சாப்பாடாகத் தடித்த அரிசிச் சூப் வந்தது. ஆறிவிடக் கூடாதென்று அறையிலிருந்த இரும்புக் கணப்பின் மேல் வைக்கச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் பசி வந்து முதல் கரண்டியை மேலாக எடுத்து வாயில் வைத்தால், அநேகமாகக் குளிர்ந்துபோயிருந்தது. அடுத்த கரண்டி தற்செயலாக ஆழத்துக்குப் போனது, வாய் வெந்தது. அடியில் கணப்பு சுட்டுக்கொண்டே இருக்க, மேலே ஆறிப்போன சூப். அடிச்சூடு மேலே வரவே இல்லை. 1797-இல் வெளியான கட்டுரையில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

சாதாரணத் தண்ணீரில் அப்படி நடப்பதில்லை. ஏன் என்பதை அவர் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். பெரிய குமிழுடைய ஒரு வெப்பமானியில் சாராயம் நிரப்பி, சூடேற்றி, ஆறுவதற்காகச் சன்னலோரம் வைத்திருந்தார். வெயில் அதன்மேல் விழுந்தது. உள்ளே கலந்துபோயிருந்த நுண்ணிய தூசிகள் வெளிச்சத்தில் தெரிந்தன. அவை நடுவே மேல்நோக்கியும், கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கீழ்நோக்கியும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. திரவம் அசையாமல் நின்று ஆறவில்லை. சுழன்று சுழன்று ஆறிக்கொண்டிருந்தது. வீட்டிலும் இதைப் பார்க்கலாம்: கண்ணாடிக் குவளையில் சூடான தெளிந்த ரசம், அதில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள், பக்கவாட்டில் கொஞ்சம் வெளிச்சம் போதும்.

இங்கே இரண்டு சொற்கள் வேண்டும். மாடி கட்டும் இடத்தில் செங்கல் எப்படி மேலே போகிறது என்று பாருங்கள். படிக்கு ஒருவராக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஏற்றலாம். கல் மேலே போகும், ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார். சூடு இப்படித் துகளுக்குத் துகள் கைமாறுவது 'கடத்தல்'. அல்லது சித்தாள் தலையில் சுமந்துகொண்டு படியேறி, இறக்கி வைத்துவிட்டு, வெறுந்தலையோடு இறங்கி வரலாம். சூட்டைச் சுமந்த திரவமே இடம் பெயர்வது 'வெப்பச் சலனம்'. இலங்கைப் பாடநூல்களில் 'மேற்காவுகை'. உலோகங்களில் கைமாற்றுகிறவர்கள் மகா சுறுசுறுப்பு. தண்ணீரில் அவர்கள் சோம்பேறிகள்: செம்பு கடத்துவதில் அறுநூறில் ஒரு பங்கு அளவே தண்ணீர் கடத்தும். தண்ணீர் சட்டென்று கொதிப்பதும் ஆறுவதும் சுமக்கிற சித்தாள்களால்தான்.

சரி, சுமப்பவர்களை மேலே தள்ளுவது எது? சூடான தண்ணீர் இலேசு, அதனால் மிதக்கிறது. எவ்வளவு இலேசு என்று கேட்டால் வியப்பாக இருக்கும். 80 பாகைத் தண்ணீர், 40 பாகைத் தண்ணீரைவிட வெறும் 2 சதவீதம்தான் இலேசு. இந்த அற்ப வித்தியாசம்தான் ரசக் கோப்பையின் சுழற்சியை ஓட்டுகிறது. ஆகவே அதைத் தடுத்து நிறுத்தப் பெரிய முயற்சி ஒன்றும் வேண்டாம்.

ஒடியல் மா அதைத்தான் செய்கிறது. மாவின் பெரும்பகுதி மாப்பொருள். நுண்ணிய மணிகளாக இருப்பது. தண்ணீரோடு சேர்ந்து சூடேறும்போது, சுமார் 60 பாகையைத் தாண்டியதும் மணிகள் தண்ணீரை உறிஞ்சிப் பலமடங்கு வீங்குகின்றன. அவற்றிலிருந்து நீண்ட மூலக்கூற்றுச் சரங்கள் வெளியே கசிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கூழ் 'சேர்ந்து வருகிறது' என்று அடுப்படியில் சொல்வது இந்தக் கணத்தைத்தான். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. வீங்கிய மணிகளுக்குள்ளும் இடையிலும் மாட்டிக்கொண்டது. 2 சதவீத மிதப்பு இந்தப் பாகுத்தன்மையை மீறித் தள்ள முடியாமல் தோற்கிறது. படிக்கட்டெல்லாம் மணல் மூட்டை அடுக்கியாயிற்று. சித்தாள் ஏற வழியில்லை. மிச்சம் இருப்பது கைமாற்றும் சோம்பேறிகள் மட்டும்.

இது ஊகமாக நின்றுவிடவில்லை. ரம்ஃபோர்ட் நடுவில் வெப்பமானி பொருத்திய ஒரு பாத்திரத்தை எடுத்து, முதலில் வெறும் தண்ணீர், பிறகு மாக்கஞ்சி சேர்த்த தண்ணீர், பிறகு வாத்தின் மென்தூவி கலந்த தண்ணீர், பிறகு அவித்து மசித்த ஆப்பிள் என்று ஒவ்வொன்றாக நிரப்பி, சூடு உள்ளே போய்ச் சேர எடுக்கும் நேரத்தை அளந்தார். மாக்கஞ்சியும் ஆப்பிளும் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுத்தன. தூவி விஷயம்தான் எனக்குப் பிடித்தது. தூவி தண்ணீரில் கரையாது, அதன் வேதியியலை மாற்றாது. நடுவில் நின்று ஓட்டத்தை மறிக்கும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் சூடு தாமதித்தது என்றால், பொருளின் குணத்தைவிட ஓட்டம் நின்றதே காரணம். உற்சாகத்தில் அவர் ஒரு படி மேலே போய், திரவங்கள் சூட்டைக் கடத்தவே கடத்தா என்று சொல்லிவிட்டார். ஜான் டால்டன் உள்ளிட்டோர் அப்படியில்லை, மெதுவாகவேனும் கடத்தும் என்று காட்டினார்கள்.

அந்த 'மெதுவாக' எவ்வளவு மெதுவாக? சூடு கடத்தலால் மட்டும் தண்ணீரில் 1 சென்டிமீட்டர் தூரம் பரவ ஏறத்தாழ 10 நிமிடம் வேண்டும். 5 சென்டிமீட்டர் என்றால் ஐந்து மடங்கு இல்லை, ஐந்தைந்தாக இருபத்தைந்து மடங்கு. நாலைந்து மணி நேரம். தடிப்பு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், கூழ்ப்பானையை இறக்கிய பிறகு தேவைப்படும்.

மேற்பரப்பிலும் ஒரு வேலை நடக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போகும்போது, 500 கிராமுக்கும் மேற்பட்ட தண்ணீரை ஒரு பாகை குளிர்விக்கும் அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ரசத்தில் ஆவி பறிகொடுத்துக் குளிர்ந்த மேல்நீர் கீழே போய், புதுச் சூடு மேலே வந்து, அதுவும் ஆவியாகும். கூழில் குளிர்ந்த மேல்நீர் இறங்க முடியாமல் அங்கேயே தங்கி மூடியாகிவிடுகிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 'பாலம் கடக்கும் நூடுல்ஸ்' என்று ஓர் உணவு உண்டு. தீவில் படித்துக்கொண்டிருந்த கணவனுக்குப் பாலம் தாண்டிச் சாப்பாடு கொண்டுபோன மனைவி, கோழிச்சாற்றின் மேல் கொழுப்பு மிதந்தால் அது ஆறாமல் இருப்பதைக் கண்டாள் என்பது அதன் கதை. கதை எப்படியோ, இயற்பியல் சரி. எண்ணெய்ப் படலம் ஆவி போகும் வழியை அடைக்கிறது. கூழின் மேல் நண்டுக் கொழுப்பு மிதந்தால் ஆபத்து இரட்டிப்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வாசலில் கிடக்கும் பை. காற்றும் பாயும் பொருள்தான்; தண்ணீரையும் காற்றையும் சேர்த்துப் 'பாய்மம்' என்பார்கள். கடத்துவதில் காற்று தண்ணீரைவிட இருபது மடங்குக்கும் மேல் சோம்பேறி. ஆனால் அதை ஓடவிட்டால் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். பவேரியச் சிப்பாய்களுக்கு எந்த உடை நல்லது என்று தேடப்போய் ரம்ஃபோர்ட் இதைக் கண்டார். வெப்பமானிக் குமிழைப் பெரிய கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து, இடைவெளியில் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள பஞ்சோ பட்டோ மயிரோ அடைத்து, சூடாக்கிக் குளிரவிட்டு நேரம் பார்த்தார். இடைவெளியில் வெறும் காற்று மட்டும் இருந்தபோது குளிர 576 விநாடி ஆயிற்று. ஒரு கிராம் முயல் மயிரோ வாத்துத் தூவியோ அடைத்தபோது 1,300 விநாடிக்கு மேல். அந்த இடைவெளியில் மயிர் அடைத்துக்கொண்டது மிகச் சிறிய இடம். மீதியெல்லாம் பழைய காற்றுத்தான். மாறியது ஒன்றே ஒன்று, காற்றால் இப்போது சுழல முடியவில்லை. இந்த ஆய்வு வெளியான 1792-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது.

சாமான் கொண்டுவருபவரின் தடித்த பையில் இருப்பது அந்த மயிரின் இன்றைய வடிவம்: நுரை பிளாஸ்டிக். காற்றைக் குட்டிக் குட்டி அறைகளில் பூட்டி வைப்பதே அதன் தொழில். உள்ளே மின்னும் வெள்ளித்தாள் கதிர்வீச்சாகப் போகும் சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. இந்தப் பை எதையும் சூடாக்காது, குளிர்விக்காது. வெயில்காலத்தில் உறைந்த இறாலை இளகாமல் காப்பதும், தையில் கீரையை உறையாமல் காப்பதும் அதற்கு ஒரே வேலை.

கடதாசிப் பைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எந்தப் பொருளின் மேலும் சில மில்லிமீட்டர் தடிப்பில் ஒட்டிக்கிடக்கும் அசையாக் காற்றுத்தான் அதற்கு ஒரே போர்வை. காற்றடித்தால் அதுவும் உரிந்துவிடும். அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்ல்ஸ் பாசெலும் 1941-இல் அந்தாட்டிக்காவில், சிறிய பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகங்களில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். கனடிய வானிலை அறிக்கையில் 'மைனஸ் 15, ஆனால் மைனஸ் 25 போல உணர்வீர்கள்' என்று சொல்லும் குளிர்காற்றுக் கணக்கின் தொடக்கம் அந்தக் குப்பிதான்; இப்போதுள்ள கணக்கைக் கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் புதுப்பித்தன. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மைனஸ் 15 பாகைக் காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் பையிலுள்ள கத்தரிக்காய் மைனஸ் 15-க்குக் கீழே போகாது. அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவே. சூடான கூழை ஊதிக் குடிப்பவர் செய்வதும் இதுதான்: மேலே படர்ந்து நிற்கும் சூடான ஈரக் காற்றை விரட்டுகிறார்.

கறிவேப்பிலை போவதும் உருளைக்கிழங்கு பிழைப்பதும் ஏன்? இலை மெல்லியது, எடை குறைவு, பரப்பு அதிகம். நடுப்பகுதிக்கும் வெளிக் குளிருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கிழங்கின் நடு, சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே இருக்கிறது. அதோடு, தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியே விடுகிறது. 0 பாகையிலுள்ள தண்ணீர் அதே 0 பாகைப் பனிக்கட்டியாக மாற மட்டும், 80 பாகைத் தண்ணீர் 0-க்கு ஆறும் அளவுச் சூட்டை இழந்தாக வேண்டும். இந்த 'மறைவெப்பத்தை' 1760-களில் கிளாஸ்கோவில் கண்டவர் ஜோசப் பிளாக். குளிர்ந்த தண்ணீர் ஒரு குடுவையிலும் அதே அளவு பனிக்கட்டி இன்னொன்றிலுமாக ஒரு மண்டபத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரைமணியில் எட்டிய வெப்பநிலையை, பனிக்கட்டி உருகி எட்டப் பத்தரை மணி நேரமானது. குளிர்நாட்டு விவசாயிகள் நிலவறையில் கிழங்குகளுக்குப் பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்ததும் இதை நம்பித்தான். தொட்டி உறையத் தொடங்கும்போது விடும் சூடு, அதைவிடச் சற்றுக் கீழே உறையும் கிழங்கைக் காக்கும்.

உறைந்த இலையின் செல்கள் புட்டி வெடிப்பதுபோல வெடிக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். குளிரவைக்கும் மேடை பொருத்திய நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது வேறு. பனி முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகிறது. உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது, அதன் சவ்வு சிதைகிறது. இளகியதும் சாறு ஒழுகுகிறது, நொதிகள் கலந்து இலை கறுக்கிறது. எவ்வளவு சிதைவு என்று அளக்கவும் எளிய வழி உண்டு: இலையைத் தூய நீரில் ஊறப்போட்டு, அந்நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பது. ஒழுகிய உப்புகள் கூடக் கூட மின்சாரம் கூடும். தாளிக்க உதவாத அந்த இலையையும் துவண்ட கீரையையும் கூழில் தாராளமாகப் போடலாம். கொதிநீரும் சவ்வுகளுக்கு அதையே செய்யப்போகிறது.

கூழ் காய்ச்சிக் குடித்தாயிற்று. பெரிய பானையில் பாதி மிச்சம். 'வெளியே இவ்வளவு பெரிய குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதே' என்று பானையைப் பின்முற்றத்துப் பனிக்குள் புதைத்து வைப்பவர்கள் டொரொண்டோவின் ஸ்காபரோவில் உண்டு. இதில் இரண்டு சிக்கல். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு அகப்பட்ட காற்று. அதுவும் ஒரு போர்வை. பானையைச் சுற்றி உருகிக் குழி விழுந்தால் நடுவே மேலும் காற்று. இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. தடை இருப்பது வெளியே இல்லை, கூழுக்குள்ளேயே. பானையின் விளிம்பில் பனிக்கட்டி படர்ந்திருக்கும்போதும் நடுவே மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும். அந்த வெதுவெதுப்பைத்தான் கிளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா விரும்புகிறது. அதன் வித்துகள் கொதிப்பில் சாகா; அவற்றிலிருந்து முளைக்கும் பாக்டீரியாக்கள் 45 பாகையை அண்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்க வல்லவை. இறைச்சிக் குழம்பையும் சூப்பையும் பெருமளவில் காய்ச்சி மெல்ல ஆறவிடும் விருந்துகளில் வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு வாடிக்கையான காரணம்.

கனடாவில் உணவகங்களுக்குச் சொல்லப்படும் அளவு: 60 பாகையிலிருந்து 20-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 4-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். 20 சென்டிமீட்டர் ஆழப் பானையில் கூழை அப்படியே விட்டால் இது நடக்காது. 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால், முன்பு போட்ட கணக்கின்படி நேரம் பதினாறில் ஒன்றாகக் குறையும். பிரிக்கப் பாத்திரம் இல்லாவிட்டால் அகப்பையை எடுத்துக் கிளறுங்கள்; கூழ் தானாகச் செய்ய மறுக்கும் சலனத்தைக் கை செய்யும். பெரிய சமையற்கூடங்களில் இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் துடுப்பு வைத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் நிரப்பி, உறைபெட்டியில் கட்டியாக்கி, அதனாலேயே பானையைக் கிளறுகிறார்கள். உருகும் பனிக்கட்டி சூட்டை விழுங்குகிறது, துடுப்பு நடுச்சூட்டை அதனிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.